ராக் கிராலர் உடையாமல் ஓட: எதை எந்த வரிசையில் மாற்றுவது

பாறை ஏறுவதற்கென்றே வரும் ரிமோட் வண்டிதான் ராக் கிராலர். அதைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த மோட்டார் போடலாம்?" என்றுதான். மோட்டார் கடைசியில் வர வேண்டியது. பலமான மோட்டாரை முதலில் மாட்டினால், அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஷாஃப்ட் முறியும். ஷாஃப்ட்டை எஃகில் மாற்றினால் ஆக்சிலுக்குள், அதாவது இரு சக்கரங்களை இணைக்கும் அச்சுக்குள், இருக்கும் கியரின் பல் போகும். ஒரு பாகத்தைக் கெட்டியாக்கினால் அடி அடுத்த பாகத்தின் மேல் விழும், அவ்வளவுதான். அதனால் பாறையைத் தொடும் டயரில் தொடங்கி, படிப்படியாக மோட்டார் வரை போவதுதான் காசு மிச்சமாகும் வரிசை.

இங்கே எழுதுவது பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகளுக்கு. டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4, ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1.9 இன்ச் ரிம், முன்னும் பின்னும் முழு ஆக்சில், பிரஷ் வைத்த 540 அல்லது 550 அளவு மோட்டார். உள்ளங்கையில் அடங்கும் குட்டி வண்டிகளுக்கும் வரிசை இதேதான், ஸ்க்ரூ அளவுகளும் கீழே வரும் மற்ற எண்களும் மாறும்.

1. பாகம் வாங்கும் முன் கருவி வாங்குங்கள்

வண்டியோடு வரும் எல் வடிவ ஆலன் கீயைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அது மெத்தென்ற இரும்பு. நாலு தடவை திருகினால் முனை உருண்டுவிடும், கூடவே ஸ்க்ரூவின் தலையையும் உருட்டிவிடும். கைப்பிடி வைத்த, கெட்டியாக்கப்பட்ட முனையுள்ள ஆலன் திருப்புளிகள் மூன்று போதும்: 1.5, 2.0, 2.5 மி.மீ. எம்3 அளவில் தலை குமிழாக இருந்தால் 2.0, தலை உருளையாக இருந்தால் 2.5, தலையே இல்லாத கிரப் ஸ்க்ரூ என்றால் 1.5. சக்கர நட்டுக்கு 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர்.

இவற்றோடு ஸ்க்ரூ தானாகக் கழலாமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக் பசை, தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸ், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் செல் வோல்ட்டைக் காட்டும் சின்ன மீட்டர், சமையலறைத் தராசு, ஒரு காந்தம். சிவப்பு த்ரெட்லாக் வேண்டாம். சூடுகாட்டாமல் அது விடாது, சூடுகாட்டினால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் இளகும்.

பேட்டரியில் ஓடும் டிரில் மெஷினை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூ எப்போது இறுகியது என்பது விரலுக்குத்தான் தெரியும். என் முதல் வண்டியின் பின் ஆக்சிலில் நாலு துளைகளின் மரையை ஒரே மாலையில் வழித்தெடுத்தது நான்தான், மெஷின் அவசரத்தில்.

2. புது வண்டியை ஒருமுறை பிரித்துப் பூட்டுங்கள்

தொழிற்சாலையில் பூட்டி வரும் வண்டியில் த்ரெட்லாக் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆக்சிலுக்குள் கிரீஸும் சில வண்டிகளில் பெயருக்குத்தான் இருக்கும். ஓட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள்.

த்ரெட்லாக் வேண்டியது இரும்பு இரும்போடு சேரும் இடங்களில் மட்டும்: மோட்டார் முனையில் உள்ள பினியன் கியரின் கிரப் ஸ்க்ரூ, மோட்டாரைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூ, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள பின் (pin) ஸ்க்ரூ. முதலில் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் பிடிக்காது. ஒரு துளி, அதுவும் மரையின் பாதி நீளத்துக்கு. முழுப் பிடிப்புக்கு ஒரு நாள் காயவிடுங்கள். பிளாஸ்டிக்கில் இது பட்டால் சில வகை பிளாஸ்டிக் நாள்பட வெடிப்பு விடும், அதனால் சிந்தியதை உடனே துடையுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டுக்கு இது தேவையே இல்லை.

அந்த ஷாஃப்ட் பின்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்த்தால் அரிசி மாதிரி இருக்கும். அது கழன்று விழுந்தால் வண்டி பாறை நடுவே நின்றுவிடும், மோட்டார் மட்டும் சுற்றும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கருங்கல் மேட்டில் இப்படித்தான் ஒரு பின்னைத் தொலைத்தேன். அரை மணி நேரம் சரளையைக் கிளறியபின், நண்பர் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தரையோடு இழுத்தார். இரண்டாவது இழுப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்று முதல் பையில் காந்தமும் இரண்டு உபரிப் பின்னும் இருக்கும்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது நேராக இறுக்காதீர்கள். முதலில் கழற்றும் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டக்' என்று சின்னதாக இறங்கும். அதுதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து இறுக்கினால் ஸ்க்ரூ அதே தடத்தில் போகும். இப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி, நாலாவது தடவை துளை வெறும் துளையாகிவிடும். ஏற்கெனவே மரை போயிருந்தால் 2 மி.மீ. நீளமான ஸ்க்ரூ போட்டுப் பாருங்கள், பல துளைகளின் அடியில் தொடாத பிளாஸ்டிக் மிச்சம் இருக்கும்.

ஆக்சில்களைத் திறந்து கியரில் கிரீஸ் இடுங்கள். பல்லெல்லாம் மூடினால் போதும், பெட்டி நிறைய அப்பினால் மோட்டார்தான் வீணாகத் திணறும். டிஆர்எக்ஸ்-4 போலப் போர்ட்டல் ஆக்சில் உள்ள வண்டியானால், நான்கு சக்கரங்களுக்குப் பின்னாலும் உள்ள கியர்ப் பெட்டிகளையும் திறக்க வேண்டும். வேகம் அங்கே ஒருமுறை குறைவதால் உள் ஷாஃப்ட்டுகளுக்குச் சுமை குறைவு. ஆனால் அந்தச் சின்னப் பெட்டிகள்தான் தண்ணீரும் மணலும் முதலில் நுழையும் இடம்.

3. எதையும் மாற்றாமல் ஐந்து முறை பேட்டரி தீரும் வரை ஓட்டுங்கள்

இதை யாரும் கேட்பதில்லை. வண்டி வந்து சேர்வதற்குள் பித்தளைப் பாகங்கள் வந்து மேஜையில் காத்திருக்கும். ஆனால் உங்கள் பாறையில், உங்கள் கையில் எது உடைகிறது என்பது ஓட்டினால்தான் தெரியும். வண்டி எங்கே சாய்ந்தது, எங்கே சக்கரம் சுற்றியும் ஏறவில்லை, எங்கே ஸ்டியரிங் திரும்பவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் ஐந்து ஓட்டத்தில் பெரும்பாலும் இரண்டே வரி திரும்பத் திரும்ப வரும்: 'பக்கவாட்டில் கவிழ்ந்தது', 'ஸ்டியரிங் திரும்பவில்லை'. அடுத்த இரண்டு படிகள் அதற்குத்தான்.

ஓட்டும் கையையும் இப்போதே பழக்குங்கள். சக்கரம் வெடிப்பில் சிக்கி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், மோட்டாரின் மொத்தத் திருகும் அந்த ஒரு சக்கரத்தின் ஷாஃப்ட்டில் போய் இறங்கும். நான் பார்த்த முறிவுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். சிக்கினால் பின்னால் வாருங்கள், ஒரு சக்கர அகலம் தள்ளி வேறு பாதை பிடியுங்கள்.

4. டயர், ஃபோம், எடை

மாற்ற வேண்டிய முதல் பாகம் டயர். மெத்தென்ற ரப்பர் பாறையின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பிடிக்கும். கெட்டி ரப்பர் அதன் மேல் வழுக்கும், வழுக்கும் சக்கரத்துக்கு எத்தனை பலமான மோட்டார் இருந்தும் பயனில்லை. நல்ல டயர் போட்டால் அதே பாறையில் குறைந்த வேகத்தில் ஏறலாம். வேகம் குறைந்தால் மற்றப் பாகங்களுக்கு அடி குறையும். அதனால்தான் இதை ஆயுளைக் கூட்டும் வேலையாகவே எண்ணுகிறேன்.

டயருக்குள் இருக்கும் ஃபோமைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த டயர்களில் காற்று அடைப்பதில்லை, வண்டியின் எடையைத் தாங்குவது ஃபோம்தான். முன்சக்கரத்தில் மெத்தென்ற ஃபோம், பின்சக்கரத்தில் சற்றுக் கெட்டியானது போட்டுப் பாருங்கள். முன் டயர் பாறை விளிம்பைக் கவ்வி ஏறும், பின் டயர் நசுங்காததால் வண்டி பின்னால் குந்தாது.

ரிம் வாங்கினால் பீட்லாக் வகை வாங்குங்கள். டயரின் விளிம்பை ஒரு வளையமும் ஸ்க்ரூக்களும் பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம், ஃபோமை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த ஸ்க்ரூக்களை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும், கார் சக்கரம் மாதிரி. வரிசையாக இறுக்கினால் வளையம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் கோணலாக ஓடும்.

அடுத்தது எடை. எடை கூடினால் நல்லதா என்றால், எங்கே கூடுகிறது என்பதைப் பொறுத்தது. சக்கரத்துக்குள், முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டியரிங் நக்கிளில், முன் ஆக்சில் மூடியில் என்று தரைக்கு எவ்வளவு கீழே வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பித்தளைப் பாகங்களின் வேலை இதுதான். முன்பக்கம் கனமாக இருந்தால் செங்குத்தில் ஏறும்போது மூக்கு தூக்காது.

ஒரே நாளில் எல்லாப் பித்தளையையும் மாட்டிவிடாதீர்கள். சமையலறைத் தராசில் முன்சக்கரங்களை வைத்து, பின்சக்கரங்களைத் தராசின் உயரத்துக்கே புத்தகங்கள் மேல் நிறுத்தி ஒருமுறை நிறுங்கள். பிறகு மாற்றி வைத்து நிறுங்கள். மொத்தத்தில் முன்பக்கம் ஏறக்குறைய 60 சதவீதம், பின்பக்கம் 40 என்ற இடத்திலிருந்து தொடங்கலாம். அதற்குப் பேட்டரியை முன்னால் நகர்த்தினாலே பாதி தூரம் வந்துவிடும், காசு செலவில்லாமல். அப்புறம் ஒரு பலகையில் வண்டியைப் பக்கவாட்டாக நிறுத்திப் பலகையின் ஒரு விளிம்பை மெல்லத் தூக்கி, எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று மொபைலின் கோணமானியில் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனை. கோணம் கூடவில்லையென்றால் வாங்கிய பித்தளை வீண்.

கூரையில் இரும்பு கேரியர், அதில் குட்டி பெட்ரோல் கேன்கள், ஸ்டெப்னி, விளக்கு வரிசை எல்லாம் ஏற்றிவிட்டு, "வண்டி சும்மா சும்மா கவிழுது" என்று வருபவர்கள் உண்டு. அழகுக்கு ஓட்டுகிறீர்களா, ஏறுவதற்கு ஓட்டுகிறீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால் கேரியரைப் பாறைக்குப் போகும் நாளில் கழற்றிவிடுங்கள்.

5. செர்வோ: அதிகம் கருகும் பாகம்

முன்சக்கரத்தில் எடை கூட்டியதும் ஸ்டியரிங் திணறத் தொடங்கும். வண்டியோடு வரும் செர்வோ, அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார்ப் பெட்டி, வெறும் டயரைத் திருப்பத்தான் போதும். அதனால்தான் பித்தளைக்கு அடுத்த படியாகச் செர்வோவை வைத்திருக்கிறேன்.

25 கிலோவுக்கு மேல் திருகு விசை உள்ள, உலோகக் கியர் செர்வோ வாங்குங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். '35 கிலோ' என்பது பெரும்பாலும் அந்தச் செர்வோ தாங்கும் அதிகபட்ச வோல்ட்டில் கிடைப்பது, 6 வோல்ட்டில் அது கணிசமாகக் குறையும். உங்கள் ஈஎஸ்சி, அதாவது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டி, செர்வோவுக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆம்பியர்தான் பலர் சறுக்கும் இடம். பாறையில் முட்டி நிற்கும் பெரிய செர்வோ 4, 5 ஆம்பியர்கூட இழுக்கும். ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி என்ற மின்சுற்று பல மாடல்களில் 3 ஆம்பியரோ அதற்கும் குறைவோதான் தரும். அப்போது ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குப் போகும் வோல்ட் சரிந்து, வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கும். ரிமோட் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது ரிமோட் வாங்கியவரையும் பார்த்திருக்கிறேன்.

இதற்குத் தீர்வு தனியான பிஇசி. அதைப் பேட்டரி வயரில் இணைத்து, 6 அல்லது 7.4 வோல்ட்டுக்கு வைத்து, ரிசீவருக்குக் கொடுங்கள். அதற்கு முன் ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயர் பிளக்கில் நடுவில் உள்ள சிவப்பு வயரை மட்டும் உருவி, டேப் சுற்றி மடித்து வைக்க வேண்டும். இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் மின்சாரம் வந்தால் ஒன்று மற்றொன்றைக் கருக்கிவிடும். ரிசீவர் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்தே நேராக மின்சாரம் எடுக்கும் செர்வோக்களும் உண்டு. விலை கூடுதல், ஆனால் இந்தத் தலைவலி இல்லை.

மாட்டும் வரிசை இது. முதலில் செர்வோவை ரிசீவரில் சொருகி, ரிமோட்டையும் வண்டியையும் ஆன் செய்து, டிரிம்மை (ஸ்டியரிங்கின் நடு நிலையைச் சரிசெய்யும் அமைப்பு) நடுவில் வையுங்கள். செர்வோ தன் நடு நிலைக்கு வந்து நிற்கும். பிறகுதான் அதன் தலையில் ஹார்னை, அதாவது ஸ்டியரிங் கம்பியைத் தள்ளும் சின்னக் கையை, மாட்ட வேண்டும், சக்கரங்கள் நேராக இருக்கும்படி. மின்சாரம் கொடுக்காமல் கண்ணளவில் மாட்டினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். ஹார்ன் அலுமினியத்தில் இருக்கட்டும். செர்வோ தலையின் பல் எண்ணிக்கை 25, 24, 23 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 24 பல் தலையில் 25 பல் ஹார்னைத் தட்டி ஏற்றினால் அன்றே வழுக்கும்.

மாட்டி முடித்ததும் ரிமோட்டில் எண்ட் பாயிண்ட், அதாவது செர்வோ எதுவரை திரும்பலாம் என்ற எல்லையை, அமைக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பிப் பிடியுங்கள். செர்வோ 'ஙீ...' என்று முனகினால், நக்கிள் ஏற்கெனவே முட்டிவிட்டது, செர்வோ இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முனகல் நிற்கும் வரை அந்தப் பக்க அளவைக் குறையுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டு பக்கத்து எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த ஒரு வேலையை விட்டதால் கருகிய செர்வோக்கள்தான் அதிகம். கூட ஓட்டும் தம்பி ஒருவன் அன்று காலைதான் புதுச் செர்வோ மாட்டி வந்திருந்தான். முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே இறுகி நின்றது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி விடாமல் நின்றான். முனகல் கேட்டது, அப்புறம் நின்றுபோனது. "அண்ணா, ஏதோ கருகுற வாசனை வருது" என்றான். எடுத்துப் பார்த்தால் செர்வோவின் அலுமினியக் கூடு கை வைக்க முடியாத சூடு. வீட்டில் போய் ரிமோட்டைப் பார்த்தோம், இரண்டு பக்கமும் எண்ட் பாயிண்ட் முழு அளவில் இருந்தது.

6. லிங்க், நக்கிள், சி-ஹப்

ஸ்டியரிங் பலமாகிவிட்டது, அடி இப்போது செர்வோவையும் நக்கிளையும் இணைக்கும் கம்பியான ஸ்டியரிங் லிங்குக்கு வரும். பிளாஸ்டிக் லிங்க் என்றால் சக்கரம் திரும்புவதற்குப் பதில் லிங்க் வில்லாக வளையும். அதையும், ஆக்சில்களை வண்டியின் சட்டத்தோடு இணைத்து, பாறையில் நேராக இடிக்கும் கீழ் லிங்க்குகள் நான்கையும் துருப்பிடிக்காத எஃகில் மாற்றுங்கள். எஃகு பாறையின் மேல் வழுக்கிப் போகும், அதன் எடையும் கீழேயே இருக்கிறது. விலை குறைந்த மெல்லிய அலுமினிய லிங்க் வேண்டாம். பிளாஸ்டிக் வளைந்தாலும் திரும்பி நிமிரும், அலுமினியம் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். மேல் லிங்க்குகளில் பாறை படாது, இருப்பதே இருக்கட்டும்.

நீளத்தை மாற்றாதீர்கள். பழைய லிங்க்கைப் பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை அளந்து பூட்டுங்கள். இடது கீழ் லிங்க்கும் வலது கீழ் லிங்க்கும் ஒரு மி.மீ. மாறினாலும் ஆக்சில் கோணலாகி வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நக்கிள் பித்தளையில் வந்துவிட்டால் அதைப் பிடித்திருக்கும் சி-ஹப்பும் உலோகமாக இருப்பது நல்லது. கனமான நக்கிள் ஒவ்வொரு விழுதலிலும் பிளாஸ்டிக் சி-ஹப்பின் ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கும். ஒரு நாள் முன்சக்கரம் தானாக உள்ளே சாயும். சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் அதிகமானால் அப்போது மாற்றலாம்.

ஷாக் அப்சார்பருக்கு நான் இதுவரை அதிகம் செலவழித்ததில்லை. எண்ணெய் கசியாமல் இருந்தால் போதும். ஸ்பிரிங்கை மேலே இறுக்கியிருக்கும் வளையத்தைத் தளர்த்தி, வண்டி தன் எடையில் கொஞ்சம் அமர்ந்து நிற்கும்படி விடுங்கள். அப்போதுதான் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேடும்.

7. ஷாஃப்ட்டும் கியரும்

முன் ஆக்சிலின் உள் ஷாஃப்ட்டுகள் முறிவது ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருக்கும்போதுதான். அந்தக் கோணத்தில் அதன் மூட்டு ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும், அதன்மேல் ஆக்சிலரேட்டரும் சேர்ந்தால் தாங்காது. எண்ட் பாயிண்ட் சரியாக வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். மீதிக்கு, கெட்டியாக்கிய எஃகில் வரும் யூனிவர்சல் மூட்டு ஷாஃப்ட் ஒரு ஜோடி.

நடுவில் ஓடும் நீளமான டிரைவ் ஷாஃப்ட்டுகளைப் பிளாஸ்டிக்கிலேயே விட்டுவிடுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வேன். வீட்டில் ஃபியூஸ் போவது மாதிரி அது முறிந்தால் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த கியர் தப்பும். டிரைவ் ஷாஃப்ட்டை மாற்றக் களத்தில் பத்து நிமிடம், ஆக்சில் கியரை மாற்ற வீட்டில் ஒரு சாயங்காலம். பையில் உபரி ஒன்று போட்டுவையுங்கள். 3எஸ் (மூன்று செல்) பேட்டரியும் கனமான சக்கரமும் போட்ட வண்டியில் அது வாரா வாரம் முறிகிறது என்றால் மட்டும் எஃகுக்குப் போங்கள், கூடவே ஆக்சிலுக்குக் கெட்டியாக்கிய கியர் ஜோடியும் வாங்குங்கள்.

டிரைவ் ஷாஃப்ட்டைத் திரும்பப் பூட்டும்போது இரண்டு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே திசையில் இருக்க வேண்டும். உள்குழாயை ஒரு பல் தள்ளிச் சொருகிவிட்டால், வண்டி மெதுவாகப் போகும்போது விட்டுவிட்டு இழுப்பது தெரியும், மூட்டுகளும் சீக்கிரம் தேயும்.

பினியன் கியருக்கும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கண்ணால் அளக்க முடியாது. நோட்டுத் தாளில் ஒரு கீற்று கிழித்து இரண்டுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை ஸ்பர் பக்கம் அழுத்தி, ஸ்க்ரூவை இறுக்கி, பிறகு தாளை உருவுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வர வேண்டும். அப்புறம் ஸ்பர் கியரை முழுச் சுற்று சுற்றி, ஒவ்வோர் இடத்திலும் மிகச் சின்ன ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டமே இல்லையென்றால் மோட்டார் சூடாகும், அதிகமென்றால் பல் போகும்.

இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலை ரிமோட்டிலிருந்து பூட்டவும் திறக்கவும் வசதியுள்ள வண்டியென்றால், தார் ரோட்டிலும் சிமென்ட் தரையிலும் திறந்தே ஓட்டுங்கள். பூட்டிய நிலையில் பிடிப்புள்ள தரையில் வளைத்தால் உள், வெளிச் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து ஷாஃப்ட்டை முறுக்கும். எப்போதும் பூட்டியே இருக்கும் வண்டிக்குத் தார் ரோடு விளையாட்டு வேண்டாம்.

8. இப்போது மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி

இதற்குள்ளேயும் ஒரு வரிசை உண்டு: முதலில் ஈஎஸ்சி, பிறகு மோட்டார், கடைசியில் பேட்டரி. கிராலருக்கு வேண்டியது வேகம் அல்ல; அங்குலம் அங்குலமாக நகர்வதும், விட்ட இடத்தில் நிற்பதும். நிற்க வைப்பது ஈஎஸ்சியின் டிராக் பிரேக். ஆக்சிலரேட்டரை விட்டதும் சரிவில் வண்டி உருளாமல் இருக்க அதை 100 சதவீதத்தில் வையுங்கள். டிராக் பிரேக்கை மாற்ற முடியாத ஈஎஸ்சி என்றால் அதை மாற்றியதும் வண்டியே வேறு மாதிரி ஓடும். ஹாபிவிங் குயிக்ரன் 1080 இந்த வேலைக்கென்றே வந்தது, பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

பிரஷ் மோட்டாரில் 'டர்ன்' எண், அதாவது உள்ளே சுற்றிய கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை, கூடக்கூட வேகம் குறையும், மெதுவான ஓட்டத்தில் கட்டுப்பாடு கூடும். பாறைக்கு 35 டர்ன் நல்ல தொடக்கம். 55 டர்ன் எறும்பு மாதிரி ஊரும். பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்குப் போவதென்றால் சென்சார் உள்ளது அல்லது எஃப்ஓசி (மெதுவான வேகத்திலும் சீராகச் சுழற்றும் கட்டுப்பாட்டு முறை) வகைதான். சென்சார் இல்லாத மலிவான பிரஷ்லெஸ், கிளம்பும் நேரத்தில் உதறும், பாறை விளிம்பில் அந்த ஒரு உதறல் போதும் வண்டி உருள.

2எஸ் லிபோவிலிருந்து 3எஸ்ஸுக்குப் போனால் 7.4 வோல்ட் 11.1 ஆகிறது, அதாவது ஒன்றரை மடங்கு. மோட்டாரின் வேகமும் அதே அளவு கூடும். பழைய வேகமே போதும் என்றால் 15 பல் பினியனை 10 பல்லாக்க வேண்டும். இதைச் செய்யாமல் பேட்டரியை மட்டும் மாற்றுவதுதான் மோட்டாரைச் சமைக்கும் வழி. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொடுங்கள். ஐந்து நொடி விரல் வைக்க முடியவில்லையென்றால் பினியனில் இன்னும் ஒன்றிரண்டு பல் குறையுங்கள். ஈஎஸ்சி 3எஸ் தாங்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஈஎஸ்சியில் பேட்டரி வகை 'லிபோ' என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிக்கல் பேட்டரிக்கான அமைப்பில் இருந்தால் லிபோ காலியாகும்போது ஈஎஸ்சி தானாக நிறுத்தாது. செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் பேட்டரி உப்பத் தொடங்கும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள், முழுச் சார்ஜில் வைத்தால் அதன் ஆயுள் குறையும்.

9. தண்ணீருக்குள் இறக்கினால்

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பது ஈஎஸ்சிக்கும் செர்வோவுக்கும் ரிசீவர் பெட்டிக்கும்தான். பேரிங்குக்கும் மோட்டாருக்கும் அது பொருந்தாது. ஓடையில் இறக்கிய அன்றே வீட்டில் செய்ய வேண்டியவை இருக்கின்றன, நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்குத் துருதான் இருக்கும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். நான்கு சக்கரங்களையும் எடுத்து, ஃபோமில் ஏறிய தண்ணீரைப் பிழிந்து உலரவிடுங்கள். தண்ணீர் குடித்த ஃபோம் ஒரு சக்கரத்தில் மட்டும் இருந்தால் வண்டி தள்ளாடும். ஊதி உலர்த்திய பின் மோட்டாரின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு சொட்டு மெல்லிய எண்ணெய், ஒவ்வொரு பேரிங்குக்கும் அப்படியே. ஆக்சில் மூடி ஒன்றைத் திறந்து பாருங்கள். கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் நுழைந்திருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக இட வேண்டும். ரிசீவர் பெட்டியின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவி மூடுங்கள்.

கடல் தண்ணீரில் மட்டும் வேண்டாம். கடற்கரை மணலில் ஓட்ட ஆசையாக இருந்தாலும் அலை தொடும் இடத்துக்குப் போகாதீர்கள். நான் ஒருமுறை போனேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது நான்கு சக்கரத்தில் ஒன்றுகூடக் கையால் சுற்றவில்லை, பேரிங் அத்தனையும் மாற்ற வேண்டியதாயிற்று.

10. ஓட்டி முடித்ததும் பத்து நிமிடம்

பெயின்ட் பிரஷால் தூசி தட்டுங்கள். சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், முன்பைவிட ஆட்டம் கூடியிருந்தால் பேரிங் போகப்போகிறது. டிரைவ் ஷாஃப்ட் பின்கள் நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பாடியில் வெடிப்பு தெரிந்தால் அது நீளும் முன், உள்பக்கம் சுவருக்கு ஒட்டும் வலை டேப்பை வைத்து அதன்மேல் ஷூ ஒட்டும் ரப்பர் பசையைப் பூசி ஒரு ராத்திரி விடுங்கள். பெயின்ட் உள்பக்கம்தான் இருக்கும், அதனால் பசையை முதலில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.